ரோஜா வெறும் வாயோடு திரும்பாது

கச்சிராயபாளையம் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது.

மரத்துக்குப் பக்கத்தில் கடுக்காய் வியாபாரி தனசேகரன் கிடந்தார்.

இரண்டையும் வெட்டித்தான் போட்டிருந்தார்கள்!

1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். மூன்றாவது நாள். மரத்தை வெட்டியது மறியல்காரர்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

தனசேகரனை வெட்டியது யார்...?

இன்ஸ்பெக்டர் சிவசங்கருக்கு அதுவும் தெரிந்துவிட்டது. காலை பத்து மணிக்கே!

"முனியன். மலைக்காரன். இதான் கொடுவாள். இதுல இருக்கிறது மனுச ரத்தம்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. போயிடலாம்."

ஜெயசுதா கொடுவாளைப் பார்த்தாள். கல்வராயன் மலையடிவாரத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். வயது இருபத்தாறு. ஐந்து வருடமாக மலேரியா ஸ்லைடு பார்க்கிறாள். ஸ்டேஷனுக்கு வருவதற்குள் ஏழு மரங்களுக்கு மேல் சைக்கிளைத் தூக்கிக் கடந்திருந்தாள். தோள் வலித்தது.

"ரத்தம்தான் சார். யாரோடதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. மெட்ராசுக்குத்தான் அனுப்பணும்."

"எதுலம்மா அனுப்புறது? ஒரு பஸ் ஓடுதா?"

உள்ளே லாக்கப்பிலிருந்து 'அய்யோ!' என்று ஒரு சத்தம்.

வாசலில் உட்கார்ந்திருந்த குஞ்சம்மாள் நிமிர்ந்தாள். முனியனின் பெண்டாட்டி. அழவில்லை. ஜெயசுதாவையே பார்த்தாள். போன மாசம் குளிர் காய்ச்சலில் நடுங்கிய மகளைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்த அதே பார்வை.

ஜெயசுதா மறுபடி கொடுவாளைப் பார்த்தாள்.

"சார்... எத்தினி வூட்ல கொடுவாள் எடுத்தீங்க?"

"ஒரே வூடு. இவன் வூடு."

"மத்த வூட்லயும் எடுத்துப் பாருங்களேன்."

சிவசங்கர் முறைத்தார். ஆனால் அனுப்பினார். வேறு வேலையும் இல்லை.

மதியத்துக்குள் இருபது வீட்டுக் கொடுவாள்கள் மேஜைக்கு வந்தன. பதினாலில் ரத்தக் கறை!

"இன்னாடா இது?!"

"போன வாரம் கோயில்ல கெடா வெட்டு சார்" என்றார் ஏட்டு, சாவதானமாக.

"பாத்தீங்களா?" என்றாள் ஜெயசுதா. "கொலை பண்ணவன் வூட்லயும் ரத்தம் இருக்கும். பண்ணாதவன் வூட்லயும் இருக்கும். அப்போ இந்த ரத்தம் நமக்கு ஒண்ணும் சொல்லலீங்க."

"அவன் தனசேகரனோட சந்தையில சண்டை போட்டான். வெட்டுவேன்னு சொன்னான். நூறு பேரு கேட்டிருக்காங்க!"

"அவரோட சண்டை போடாதவங்க மலையில எத்தினி பேருங்க?"

சிவசங்கர் யோசித்தார்.

"...கம்மிதான்."

"மேடம்!" வாசலில் இருந்து ஒரு குரல். அய்யப்பன். தனசேகரனின் மச்சான். முனியன் மேல் புகார் எழுதிக் கொடுத்தவன். கையில் டீ கிளாஸ். "எங்க மாமன் பொணமா கெடக்குறாரு. நீங்க கணக்குப் பாடம் நடத்திக்கினு இருக்கீங்க! நாயே காட்டிக் குடுத்திச்சே, அதுக்கு இன்னா சொல்றீங்க?"

நாய்!

பெயர் ரோஜா. தியாகதுருகத்தில் ஒரு திருட்டுக்காக வந்து, மறியலில் மாட்டிக்கொண்ட போலீஸ் நாய். பிணத்தருகே கிடந்த துண்டை மோந்துவிட்டு, வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரில் முனியன் வேட்டியைக் கவ்வியிருந்தது.

"நாப்பத்திமூணு கேஸ் மேடம்!" என்றார் அதைப் பழக்கும் காவலர் ராசு. பெருமையில் மீசை துடித்தது.

"நாப்பத்திமூணுல எத்தினி தரம் யாரையும் புடிக்காம திரும்பியிருக்கு?"

"அந்தக் கேவலம் ரோஜாவுக்கு வந்ததே இல்லீங்க!"

"வரிசையில திருடனே இல்லாதப்ப கூடவா?"

ராசுவின் மீசை நின்றது.

ஜெயசுதா சிவசங்கர் பக்கம் திரும்பினாள். "எனக்கு வர்ற நூறு ஸ்லைடும் பாசிட்டிவ்னு வெச்சுக்கங்க சார். ஊருக்கே மலேரியான்னா சொல்லுவேன்? மைக்ராஸ்கோப்பைத் தொடைப்பேன். நாயைச் சோதிச்சிடலாம். கொலை பண்ணியிருக்கவே முடியாத ஆளுங்களை நிறுத்துங்க."

அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. முதல் நாள் மறியலில் கைதானவர்கள் கல்யாண மண்டபத்தில் அடைந்து கிடந்தார்கள். கொலை நடந்தது நேற்று.

பத்துப் பேரை நிறுத்தினார்கள்.

ராசு துண்டைக் காட்டினார்.

ரோஜா மோந்தது. நடந்தது. நான்காவது ஆளின் வேட்டியைக் கவ்வியது!

"யோவ்! நான் மண்டபத்துல சாம்பார் சாதம் தின்னுகினு இருந்தேன்யா!" என்று அலறினார் அவர்.

ஸ்டேஷனே சிரித்தது. ஏட்டுகூடச் சிரித்தார்.

"இன்னொரு தரம்!" என்று கத்தினார் சிவசங்கர்.

மறுபடி துண்டு. மறுபடி ரோஜா. இந்த முறை வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குப் பாய்ந்தது.

அய்யப்பன் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு குரைத்தது!

"பாத்தீங்களா... அடுத்து உங்களையும் புடிக்கும் சார்!" ஜெயசுதாவும் சிரித்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை.

டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. அய்யப்பன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு பறந்தான்!

"இவன் இன்னாத்துக்கு ஓடறான்?" என்றார் சிவசங்கர்.

ஜெயசுதாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சார்... நாய் சொல்றது தப்புன்னு இங்க எல்லாருமே நம்பிட்டோம். செய்யாதவனா இருந்தா நம்மளோட சேர்ந்து சிரிச்சிருப்பான். சரியா புடிச்சிடுச்சுன்னு பயந்தவன் ஒருத்தன்தான். புடிங்க சார்!"

ஜீப் கிளம்பியது.

அவசரமே தேவைப்படவில்லை. ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு புளியமரம். அதன் மேல் நாற்பது மறியல்காரர்கள்.

"வழி வுடுங்கய்யா! அவசரம்!" என்று அய்யப்பன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"கலெக்டரே நடந்துதான் போனாரு. எறங்குப்பா" என்றார் ஒரு பெரியவர்.

சாயங்காலத்துக்குள் அய்யப்பன் எல்லாம் சொல்லிவிட்டான். மறியலில் லாரி வராமல் கடுக்காய்க் குடோனிலேயே தங்கிவிட்ட, அவன் கடத்தவிருந்த சந்தனக் கட்டைகள்... அதை மாமன் பார்த்துவிட்டது... போலீசுக்குப் போவேன் என்றது... கிணற்றில் போட்ட கொடுவாளையும் அவனே காட்டினான்.

முனியன் நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். குஞ்சம்மாள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். போகும்போது, மரங்களைத் தாண்டி வைப்பதற்காக ஜெயசுதாவின் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ராசு மட்டும் விம்மிக்கொண்டிருந்தார், சந்தோஷத்தில்.

"நாப்பத்திநாலாவது கேஸ் மேடம்! இப்ப இன்னா சொல்றீங்க? ரோஜா கரெக்டா புடிச்சிச்சா இல்லியா?"

"அதான் எனக்கும் புரியல" என்று ஒத்துக்கொண்டாள் ஜெயசுதா. "அந்தத் துண்டு யாரோடதாம்?"

"செத்துப்போனவரோடதேதானாம்" என்றார் ஏட்டு.

ராசு ரோஜாவைப் பார்த்தார்.

சிவசங்கர் அய்யப்பனிடமிருந்து எடுத்த பொருள்களை மேஜையில் கொட்டினார். சாவி. சீப்பு. பீடிக் கட்டு.

சட்டைப் பையிலிருந்து எடுத்த, பாதி கடித்த பொறை ரொட்டி ஒன்று!

ரோஜா எம்பிக் கவ்வியது. கறுக் மொறுக்!

சிவசங்கர் ரிப்போர்ட் எழுதப் பேனாவை எடுத்தார்.

"ஏம்மா... குற்றவாளியை அடையாளம் காட்டுனது யாருன்னு எழுதறது? நாயின்னா?"

ஜெயசுதா பையைத் தோளில் மாட்டினாள்.

"பேக்கரிக்காரன்னு எழுதுங்க சார்!"