காவல் மாற்றியவன்

புனே போசரியில் பஸ்ஸை விட்டு நான் இறங்கியபோது மணி ஒன்றே முக்கால். கனத்த மழை. குடோன் கேட்டைத் திறந்துவிட்ட விஜய் சொன்னான்: "சீக்கிரம் போங்க ஸ்டீபண்ணே. கந்தசாமியண்ணன் மாப்பிள்ளை மாதிரி சவரம் பண்ணிட்டு உக்காந்திருக்காரு."

எனக்கும் கந்தசாமிக்கும் அங்கே காவல் வேலை. பன்னிரண்டு வருடமாக அவன் காலை ஷிப்ட், நான் மதியம். அன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் அவன் மகளுக்குக் கல்யாணம். நாலு மணிக்கு ரயில்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம். அடுத்த ஆள், ரிலீவர், எதிரே வந்து நின்று "வந்துட்டேன், நீ கிளம்பு" என்று சொல்லாமல் இருக்கிறவன் நகரக் கூடாது. காய்ச்சலோடு நின்றாலும் சரி. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை எங்களுக்குத் தும்மல் மாதிரி தானாக வரும்.

அவன் நாலாம் அறையில் இருந்தான். காலையில் வந்த மரப்பெட்டிகள், கண்காட்சிக்குப் போகிற சாமான். கூடவே வந்த அம்ருதா, புனேயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஒரு பெட்டியைத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கறுத்துப்போன ஈட்டி முனை.

"இது யாருதும்மா?" என்றான் கந்தசாமி.

"கிரீக் சோல்ஜர்ஸ், அங்கிள். ஆப்கானிஸ்தான்ல நதி பக்கத்துல ஒரு ஊர். அலெக்சாண்டர் அவங்கள பார்டர்ல விட்டுட்டுப் போயிட்டார். அவர் செத்ததும் ஆயிரக்கணக்கான பேர் வீட்டுக்கு வாபஸ் கிளம்பினாங்க. அவங்க சொந்தப் படை ஆளுங்களே மடக்கி, ஆயுதத்தைக் கீழ வெக்கச் சொல்லி, கொன்னுட்டாங்க. மீதிப் பேர் மத்லப்... அங்கயே." அவளுக்குத் தமிழ் தீர்ந்து இந்தி வந்துவிட்டது.

"மாத்து ஆளே அனுப்பலியா?"

"இல்ல அங்கிள்."

"நாசமாப் போறவனுவ," என்றான் கந்தசாமி. பிறகு என்னிடம், "எலே, உடுப்ப மாத்திட்டு வா. மூணு மணிக்குள்ள ஸ்டேஷன்ல நிக்கணும்."

அம்ருதா டீ குடிக்கப் போனாள். நான் உடுப்பு மாற்றித் திரும்பும்போது மின்சாரம் போனது. ஜன்னல் இல்லாத நடை. நாலாம் அறையின் இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது.

கந்தசாமி நடக்கும் சத்தம் எனக்குத் தெரியும். இது வேறு. இரண்டு அடி, பிறகு தரையில் கட்டை தட்டும் ஒலி. மறுபடி இரண்டு அடி.

ஒரு குரல் ஏதோ கேட்டது. பாஷை புரியவில்லை. ஆனால் அந்தத் தொனி புரிந்தது. பதினாறு மணி நேரம் நின்றவன், கால் கடுத்துக் கேட்கிற கேள்வி.

கந்தசாமியின் குரல், தூக்கத்தில் சொல்வதுபோல:

"வந்துட்டேன், நீ கிளம்பு."

கதவு திறக்கவில்லை. ஆனாலும் ஒன்று என்னைக் கடந்து போனது. குதிரை வேர்வை நாற்றம், ஈரத் தோல் நாற்றம். என் காதருகே நீளமான ஒரு பெருமூச்சு. அப்புறம் அது மழைக்குள் போய்விட்டது.

விளக்கு வந்தது. கதவைத் தள்ளினேன். சுலபமாகத் திறந்தது.

கந்தசாமி நிலைப்படிக்கு உள்ளே நின்றிருந்தான்.

"எலே, கால் வரல."

நானும் விஜயும் இழுத்தோம். காங்கிரீட்டில் நட்ட குழாயை இழுக்கிற மாதிரி இருந்தது. சூப்பர்வைசர் ஹரீஷ் கூட்டிவந்த டாக்டர் சுளுக்கு என்று ஊசி போட்டுவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு கந்தசாமி மெதுவாகச் சொன்னான்: "ஸ்டீபா, உள்ள வந்து சொல்லு. ஒரு வார்த்தைதான. மகளுக்குக் கல்யாணம்லா."

எதிரே நின்றேன். வாய் திறந்தேன்.

எனக்கும் கட்கியில் வீடு இருக்கிறது. பெண்டாட்டி இருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டேன். அவன் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். அவன் சட்டைப் பையில் போன் அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது. ரயில் போய்விட்டது.

மறுநாள் காலை பெட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். கடைசிப் பெட்டி வெளியேறியதும் கந்தசாமியின் கால் நகர்ந்தது. தப்பித்தான் என்று நினைத்தேன். அவன் பெட்டிக்குப் பின்னாலேயே நடந்து, லாரியில் ஏறி, அதன் பக்கத்தில் நின்றுகொண்டான். உட்காரவில்லை. காவலுக்கு ஆள் கிடைத்தது என்று ஹரீஷ் சந்தோஷப்பட்டார்.

தென்காசியில் பெண்ணின் பெரியப்பா தாரை வார்த்துக் கொடுத்தாராம்.

அம்ருதா நாசிக் கண்காட்சியிலிருந்து போன் செய்தாள்.

"அங்கிள், அவர் சாப்பிடறதே இல்ல. தமிழும் பேசறதில்ல. எங்க ப்ரொஃபசர் கேட்டுட்டு, பழைய கிரீக்னு சொல்றார்."

"என்ன பேசறான்?"

"ஒரே கேள்விதான். போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும். எத்தனை வருஷம் ஆச்சுன்னு."

லாரி கிளம்பி அன்றைக்கு எட்டாவது நாள்.