கிளாரியின் எடை

காலையில் சமையலறையில் இருந்ததைவிடப் பெட்டி கனமாக இருந்தது.

ரேலீன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க எதையாவது தூக்கிக்கொண்டேதான் இருந்தாள். நான்கு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் அது. ஏற்றுகிற ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எது முன்னால், எது பின்னால் என்று யோசித்து வைக்க வேண்டும். தண்ணீர்க் கேன்கள், டப்பாச் சாப்பாடு, படுக்கைச் சுருள்கள், உதிரி டியூப், செயற்கைக்கோள் போன், விமானம் விழுந்தால் உதவிக்குக் கூப்பிடுவதற்கான மஞ்சள் நிறக் கருவி என்று எல்லாவற்றையும், கொட்டகை மூலையில் கிடந்த கம்பளி மூட்டைத் தராசில் ஏற்றி இறக்கினாள். தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று வெடித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடை மூக்கின் உள்ளேயே குடியேறிவிட்டது. ஈக்கள் கண்ணோரத்து ஈரத்தைத் தேடி வந்தபடி இருந்தன. கடைசியாக அப்பாவைத் தராசில் வைத்தாள்.

தகனக்கூடத்தில் கொடுத்த சாம்பல்நிறப் பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் கிளாரன்ஸ் என்று முழுப்பெயர் ஒட்டியிருந்தார்கள். ஊரில் யாரும் கிளாரி என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. காலையில் சமையலறைத் தராசு மூன்று கிலோ காட்டியது. இப்போது முள் பத்தைத் தாண்டிப்போய் நின்று, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"டாரில், இங்க வந்து இதைப் பாரேன்."

இறக்கை நிழலில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த மீட் பை தின்றுகொண்டிருந்த தம்பி, விரலில் வழிந்த சாஸை நக்கியபடி வந்தான். மேற்கே இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். ஆறு வருஷம் எட்டிப் பார்க்காதவன், இறுதிச் சடங்குக்கு வந்து சேர்ந்திருந்தான்.

"இந்தத் தராசு செம்மறியாட்டு மயிருக்குப் பொறந்தது, ரே. அதுக்கு மனுஷனத் தெரியாது. இல்லேன்னா கிழவர் வர்ற வழியில ரெண்டு மீட் பையை உள்ள தள்ளியிருப்பாரு."

சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. தராசுதான் கோளாறு என்று முடிவு செய்துகொண்டாள். ஆனால் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை அதே தராசில் மறுபடி வைத்துப் பார்த்தபோது, முள் சரியாக இருபதில் போய் நின்றது.

அதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

விடிந்தால் புறப்பாடு. வடக்கே மணல்மேடுகளைத் தாண்டி, உப்பு ஏரிக் கரையில் இறங்கி, அப்பா இளமையில் மாடு மேய்த்த இடத்தில் சாம்பலைத் தூவிவிட்டு, அங்கிருந்து மேற்குக் கரைக்கு. அங்கே தபால் விமானம் ஓட்டும் வேலை அவளுக்குக் காத்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு வேலை, தனியாக ஒரு வாடகை வீடு, கடல். ஆறு வருஷம் அவள் அப்பாவைத் தூக்கினாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியல் தொட்டிக்கு. வாதம் வந்து இடப்பக்கம் செத்துப்போன பெரிய உடம்பு. வேறு யாரும் தொடக்கூடாது அவருக்கு. சம்பளத்துக்கு வந்த நர்ஸின் கையைக் கடித்துவிட்டார். ரேலீன் தூக்கும்போது மட்டும் நல்ல கையை அவள் கழுத்தில் வளைத்துப்போட்டு, ஒவ்வொரு தடவையும் காதருகே ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"கீழ போட்டுடாத."

உப்பு ஏரிக்குப் போக வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது அவள் யோசனைதான்.

வெயில் சாயத் தொடங்கியபோது சாமான்களை ஏற்றி முடித்தாள். டாரில் கை பம்பால் பீப்பாயிலிருந்து எரிபொருளை ஏற்றிக்கொண்டிருந்தான். இறக்கைக்கடியில் சின்னக் குப்பியில் கொஞ்சம் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாக, வெளிறிய நீல நிறத்தில் இருந்தது. அந்தக் குப்பி வழியாகத்தான் கவனித்தாள். அடிவானம் நேராக இருந்தது, விமானம் நேராக இல்லை.

வால் தாழ்ந்திருந்தது. மூக்குச் சக்கரத்தின் கால் முழுதாக நீண்டு, எப்போதும் உள்ளே மறைந்திருக்கும் எஃகு பளபளவென்று வெளியே தெரிந்தது. பின்சீட்டில் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் அப்படித்தான் நிற்கும்.

தண்ணீர்க் கேன்களை இறக்கினாள். வால் எழவில்லை. படுக்கைச் சுருள்களை இறக்கினாள். அப்படியே இருந்தது. பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டியிருந்த பெட்டி மட்டும்தான் மிச்சம். பெல்ட்டை அவிழ்த்து, ஒரு கையால் இழுத்தாள்.

அசையவில்லை.

இரண்டு கையாலும் அணைத்து, முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். தூக்கிய அந்தக் கணத்தில் அவள் முதுகுக்குத் தெரிந்துவிட்டது. முதுகெலும்பின் அடியில் அதே இடத்தில் அதே சுளுக்கு. இடப்பக்கமாகவே சரியும் அதே சோர்ந்த பாரம். பெட்டி அவள் மார்போடு ஒட்டி வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தச் சூடு சீராக இல்லை. வந்தது, போனது. வந்தது, போனது. தைல வாடை அடித்தது, ராத்திரிதோறும் அவர் நெஞ்சில் அவள் தடவிவிட்ட யூகலிப்டஸ் தைலம்.

தரையில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். அவளுக்குப் பின்னால் விமானம் பெருமூச்சு விட்டதுபோல் மூக்குக் கால் மெல்ல உள்ளே இறங்கியது.

"என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்குற?" டாரில் கேட்டான்.

"அதைத் தூக்கிப் பாரு."

அவன் குனிந்து ஒரே கையால் தூக்கி, பூசணிக்காயைப் போல் மேலே எறிந்து பிடித்தான். "இதுவா? நீ இன்னிக்கு மட்டும் எத்தனை தண்ணிக் கேன் தூக்கினே? போய்ப் படு, ரே. ஆறு வருஷமா நீ தூங்கவே இல்ல. உன்னப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு."

அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. நாளை ஒருநாள் மட்டும்தானே என்று நினைத்துக்கொண்டாள். தூவிவிட்டால் முடிந்தது.

விடியலில் பெட்டியை அவன்தான் ஏற்றினான். விசில் அடித்துக்கொண்டே ஏற்றினான். சக்கரம், எண்ணெய், இறக்கையின் அசையும் மடல்கள், வால் என்று அவள் சுற்றிவந்து ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்தாள். வால் நேராகத்தான் இருந்தது. இளஞ்சிவப்புக் கிளிக் கூட்டம் ஒன்று கொட்டகைக்கு மேலே கத்திக்கொண்டு போனது. காற்று குளிர்ந்து, அசையாமல் நின்றது. பறப்பதற்கு இதைவிட நல்ல காலை கிடைக்காது. நாற்பது லிட்டர் தண்ணீர், மேற்கே போய்ச் சேரத் தேவையானதைவிட ஒன்றரை மடங்கு எரிபொருள். எல்லாம் சரியாக இருந்தது.

ஆனால் ஓடுபாதையில் விமானம் தரையை விடவில்லை. வேகம் வந்துவிட்டது, மூக்கு தானாகவே நிமிர்ந்துவிட்டது, சக்கரங்கள் மட்டும் சிவப்பு மண்ணை உரசிக்கொண்டே ஓடின. வேலிக் கம்பி நெருங்கி, இன்னும் நெருங்கி, டாரில் கால்களை முன்னே உதைத்துக்கொண்ட நேரத்தில், மண் அவர்களை விட்டது.

"இது எப்பவும் இப்படித்தானா?" அவன் கேட்டான்.

"சில சமயம்."

மூக்கு மேலே போகவே பார்த்தது. ஸ்டியரிங்கை முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பறந்தாள். வாலைச் சமன்செய்யும் சக்கரத்தைக் கடைசிவரை சுற்றியும் போதவில்லை. கீழே மணல்மேடுகள் வரிவரியாக, முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தன. சாலை இல்லை. வீடு இல்லை. எங்கோ ஓரிடத்தில் வறண்ட ஆற்றின் வெள்ளைத் தழும்பு. இறங்குவதற்கு இடமே இல்லாத அந்த நடுவில்தான் அவள் கையில் இருந்த அழுத்தம் குறையத் தொடங்கியது.

மெதுவாக. பிறகு இன்னும் கொஞ்சம்.

பாரம் முன்னால் வருகிறது. விமானம் ஓட்டுகிறவளின் கைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே யாராவது எழுந்து நகர்ந்தால் ஸ்டியரிங் சொல்லிவிடும். மூக்கு தாழ்ந்தது. இப்போது இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அவளுடைய சீட்டின் முதுகு லேசாகக் கிறீச்சிட்டது, பின்னாலிருந்து யாரோ கைவைத்து ஊன்றிக்கொண்டதுபோல்.

"டாரில். பின்னால பெட்டி இருக்கா?"

அவன் திரும்பிப் பார்த்தான். "கட்டின இடத்துலயே இருக்கு." முன்பக்கம் திரும்பியவன் மூக்கைச் சுளித்து முகர்ந்தான். பிறகு தணிந்த குரலில் கேட்டான். "உனக்கும் தைல வாடை வருதா?"

அதற்குப்பின் அவன் விசில் அடிக்கவில்லை.

ஏரி முதலில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்து, பிறகு பாதி உலகமாக விரிந்தது. தண்ணீர் இல்லை, உப்பு மட்டும். கரையோரக் களிமண் திடலில் அவள் விமானத்தை இறக்கினாள். இறங்கியது என்பதைவிட விழுந்தது என்று சொல்லலாம். இன்ஜினை நிறுத்தியதும் காதை அடைக்கும் நிசப்தம். காற்றுகூட இல்லை. உப்பில் பட்டுத் தெறித்த வெயில் கண்ணைக் குத்தியது.

"நான் கொண்டு போறேன்," என்றான் டாரில். "நீ தூக்கினது போதும். நீ இங்கயே இரு."

கதவைச் சாத்தாமல் இறங்கி, பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உப்பின்மேல் நடந்தான். கொஞ்சதூரம் போனதும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். இன்னும் கொஞ்சதூரம் போனதும் அவன் முதுகு வளைந்தது. கால் ஒவ்வொரு அடிக்கும் உப்புத் தோலை உடைத்துக்கொண்டு இறங்கியது. கணுக்கால். கெண்டைக்கால்.

"அங்கயே போட்டுட்டு வந்துடு," ரேலீன் கத்தினாள்.

அவன் நின்றான். நின்ற இடத்திலேயே முழங்கால்வரை போனான்.

அவள் ஓடினாள். அவள் காலடியில் உப்பு விரிசல்கூட விடவில்லை, சிமெண்டுத் தரைபோல் கெட்டியாக இருந்தது. கிட்டே போனபோது அவன் இடுப்புவரை இறங்கியிருந்தான். கறுப்புச் சேறு அவனைச் சுற்றிக் கொப்பளித்தது. பெட்டி அவன் மார்போடு ஒட்டியிருந்தது.

"விடுடா அதை. கையை எடு."

டாரில் அவளைப் பார்த்தான். குழந்தையாக இருந்தபோதுகூட அவன் முகத்தில் அப்படியொரு பயத்தை அவள் பார்த்ததில்லை. மெல்ல இரண்டு கைகளையும் பெட்டியிலிருந்து எடுத்து, விரலை விரித்து, அவளுக்குக் காட்டினான். பெட்டி மார்பிலேயே இருந்தது.

"நான் பிடிச்சுக்கிட்டு இல்ல, ரே."

அவள் குப்புற விழுந்து அவன் மணிக்கட்டுகளைப் பற்றினாள். இழுத்தாள். ஆறு வருஷம் தூக்கிய முதுகின் எல்லாப் பலத்தையும் போட்டு இழுத்தாள். அவன் தோள் சேற்றுக்குள் போனது. தாடை போனது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கைகள் நழுவவில்லை, அவள் பிடியிலிருந்து பிடுங்கப்பட்டன.

சேறு ஒருமுறை ஏப்பம் விட்டு மூடிக்கொண்டது. அதன்மேல் பெட்டி மிதந்து வந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே ஒரு துளிச் சாம்பல் இல்லை.

எவ்வளவு நேரம் அங்கே கிடந்தாள், எதைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. ஒரு சத்தம்தான் அவளை எழுப்பியது. பெட்டிக்கு அப்பால், உப்பு உடையும் சத்தம்.

மொறுக்.

யாரும் இல்லை. வெள்ளை வெளியில் புதிதாக ஒரு பள்ளம், பாதத்தின் அளவில். அதனுள் கறுப்பாகச் சேறு ஊறியது. அவள் எழுந்தாள். பின்னால் நகர்ந்தாள்.

மொறுக். இன்னும் கிட்டே.

ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, சத்தம் அவசரப்படாமல் வந்துகொண்டே இருந்தது. சீட்டில் ஏறி விழுந்து தன் பக்கக் கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள். விமானத்தின் மூக்கு விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சூடான இன்ஜின் சட்டென்று பிடிக்காது. இன்னொரு தடவை. அரைச்சுற்று. நின்றது.

தம்பியின் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. எட்டினால் கைப்பிடி. எட்ட முடியவில்லை. கை வரவில்லை.

கண்ணாடி வழியே பார்த்தாள். ஏரியிலிருந்து கறுப்புப் புள்ளிகள் வரிசையாக, நேராக, கரை ஏறி வந்திருந்தன. களிமண்ணில் ஒன்று. அடுத்தது. இறக்கையின் நிழலுக்குள் ஒன்று.

பிறகு சத்தம் இல்லை.

சாவி. திருப்பு. விசிறி அசையவில்லை.

விமானம் வலப்பக்கமாகச் சாய்ந்தது. மெதுவாக, படியில் யாரோ காலை ஊன்றி, மூச்சு வாங்கி, மற்றக் காலைத் தூக்கிவைப்பதுபோல். பக்கத்து சீட்டின் மெத்தை அமுங்கியது. நடுவில் ஒரு குழி. குழி ஆழமானது. அதன் விளிம்புகளில் கறுப்புத் தண்ணீர் கசிந்து, சொட்டுச் சொட்டாகத் தரைக்கு இறங்கியது. தைல வாடை அடித்தது.

திறந்து கிடந்த கதவு, உள்ளேயிருந்து யாரோ இழுத்ததுபோல், சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.