அம்மா விளக்கும் துரை மீனும்

பகல் வந்தால் போதும், பூங்கனியின் மீனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். கண்ணாடிப் பரணி என்கிற ஜாடிக்குள் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். விளக்கு வைத்த பிறகுதான் துரை வெளியே வருவார்.

‘துரை’ என்று பேர் வைத்தவள் பக்கத்து வீட்டு எலிசா. நெய்யூர்க் குளத்தில் இரண்டு பேரும் துண்டு விரித்துப் பிடித்த பனையேறிக் கெண்டை அது. எலிசா நாளைக் காலையில் நாகர்கோவில் விடுதிப் பள்ளிக்குப் போகிறாள். இனி கிறிஸ்துமஸுக்குத்தான் வருவாள்.

“துரை நீந்துறத ஒருக்கா பாத்துட்டுத்தான் போவேன், ஏட்டி,” என்று சொல்லியிருந்தாள்.

“அதுக்கென்ன, காட்டித் தாறேன்,” என்று பூங்கனியும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வாக்குக் கொடுப்பது லேசு. 1934ஆம் வருஷம் அது. அந்தத் தெருவில் மின்விளக்கு ஏது? வீட்டில் இருந்தவை இரண்டே இரண்டு மண்ணெண்ணெய் விளக்குகள். அதிலும் ஒன்று நேற்றுப் போய்விட்டது.

பூங்கனிதான் அதைப் பரணியோடு ஒட்டி வைத்தாள். அடடா, என்ன வெளிச்சம்! துரை மேலே வந்து வந்து வாயைப் பிளந்தார். பனையேறி காற்றுக் குடிக்கிற மீன்தானே என்று அவள் ரசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று துரை ஒரு துள்ளுத் துள்ளினார். தண்ணீர் தெறித்துச் சூடான சிம்னியில் பட்டது.

பட்! கண்ணாடி பிளந்துவிட்டது.

அம்மா ஞானபாய் ஓடிவந்தாள். “பொல்லாத பிள்ள! இனி எனக்க வெளக்கு ஒண்ணுதான் மிச்சம். அதத் தொட்டியோ, தெரியும் சேதி!”

பூங்கனி பரணிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விளக்கு இருந்த பக்கம் தண்ணீர் சுட்டது. ஐயோ பாவம்! துரை காற்றுக் குடிக்க வரவில்லை, சூடு தாங்காமல் துடித்திருக்கிறார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்று இருட்டத் தொடங்கிவிட்டது. எலிசா வருகிற நேரம். விளக்கைக் கிட்டே வைத்தால் மீனுக்கும் ஆபத்து, சிம்னிக்கும் ஆபத்து. தள்ளி வைத்தால் துரை தெரியமாட்டார். என்னதான் செய்வது?

அம்மா ரேந்தை பின்ன உட்கார்ந்தாள். மேசைவிரிப்பின் ஓரத்தில் தைக்கிற நூல் பூவேலைதான் ரேந்தை. விளக்குக்கும், ஊசி குத்தி நூல் பின்னுகிற அம்மாவின் ரேந்தைத் தலையணைக்கும் நடுவில், தண்ணீர் நிறைத்த ஓர் உருண்டைக் குப்பி. விளக்கு வெளிச்சம் அதற்குள் புகுந்து, தலையணைமேல் பளிச்சென்று விழுந்தது.

தினமும் பார்க்கிற குப்பிதான். ஆனாலும் இன்றைக்குப் பூங்கனிக்குக் கை சும்மா இருக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டினாள்.

“எதுக்குட்டி கைய நீட்டுத?”

“அம்மா, வெளிச்சம் இருக்கு. சூடக் காணல்லியே! எங்க போச்சு?”

“எனக்கு எப்பிடித் தெரியும்? வெளிச்சம் கூடட்டும்னு வச்ச குப்பி அது.”

பூங்கனி மெல்லக் குப்பியைத் தொட்டாள். அது வெதுவெதுவென்று இருந்தது. “கள்ளன் இங்கயா ஒளிஞ்சிருக்கான்!” என்று துள்ளிக் குதித்தாள்.

அடுக்களைக்கு ஓடி, இன்னொரு உருண்டைக் குப்பியில் தண்ணீர் நிறைத்து வந்தாள். அதை விளக்குக்கு மறுபக்கம் வைத்தாள். அதற்கும் அப்பால், விளக்கிலிருந்து நன்றாகத் தள்ளி, துரையின் பரணியை வைத்தாள்.

“ஏட்டி, வெளக்கத் தொடாதேன்னு சொன்னேனா இல்லியா?”

“நான் எங்க தொட்டேன்? அது இருந்த இடத்திலதான இருக்கு!”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டே நூலை எடுத்தாள்.

எலிசா வந்து சேர்ந்தாள். மூன்று பேரும் பரணியையே பார்த்தார்கள். சிரட்டைக்கு அடியிலிருந்து முதலில் மூக்கு வந்தது. பிறகு துரை முழுசாக வெளியே வந்தார். வெளிச்சத்தில் செதில் ஒவ்வொன்றும் மின்னியது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாலால் ஓங்கி ஓர் அடி!

தண்ணீர் தெறித்துக் குப்பிமேல் வழிந்தது. விளக்கு அசையாமல் எரிந்தது. பூங்கனி பரணிக்குள் விரலை விட்டாள். தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது.

“பாத்தியா! எனக்குப் போயிட்டு வான்னு சொல்லுது!” என்றாள் எலிசா. பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். “நேரமாச்சு மாமி. ஒங்களுக்கு வேல கெடக்கு. நான் வாறேன்.”

அம்மா ரேந்தைத் தலையணையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பரணிப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“இரு மக்கா,” என்றாள். “ரேந்தை எங்கயும் ஓடிப் போவாது. நீதான் காலையில பஸ் ஏறிருவ.”