பதில் தெரிந்த கேள்வி

வடிவாம்பாள் காலையில் எழுந்ததும் முதலில் இரும்புக் கால்களை மாட்டிக்கொள்வாள்; காப்பி எல்லாம் அதற்குப் பிறகுதான். செவ்வாயில் பிறந்து வளர்ந்த உடம்புக்குப் பூமியில் எழுந்து நிற்பதே பெரும்பாடு. அண்மையில் விடுதலை பெற்ற செவ்வாய்க் குடியரசு சென்னைக்கு அனுப்பிய முதல் தூதர் அவள்.

அவளுடைய கவலையோ அரசியல் அல்ல, கணவன் சிதம்பரநாதன். செவ்வாயில் குமிழ்த்தோட்டத்தில் தக்காளி வளர்க்கிற அவனிடமிருந்து நாள்தோறும் மடல் வந்தது. காற்றழுத்தம், விளைச்சல், கூரையில் படிந்த தூசி எல்லாம் அதில் இருந்தன. ‘சாப்பிட்டியா?’ மட்டும் இல்லை. சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட நாள்களில்கூட அதைக் கேட்காமல் அவன் தூங்கியதில்லை.

“அந்த மனுஷனுக்கு மனசு விட்டுப்போச்சு,” என்றாள் உதவி இயந்திரமான எழினியிடம். “வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஊருக்கே போறேன். ராஜினாமாவை எழுது.”

காரணம் கேட்டது எழினி. சொன்னாள்.

“அதுவா? அது வழியிலேயே நின்னுடும்மா. கோளிடை அஞ்சல்ல மடற்சுருக்கின்னு ஒண்ணு இருக்கு. பதில் தெரிஞ்ச கேள்வியெல்லாம் வெட்டிடும். யார் கேட்டாலும் ‘ஆச்சு’ன்னுதானே சொல்றீங்க?”

“வெட்டினதையெல்லாம் எடு!”

திரையில் வந்து விழுந்தன. வடிவு, சாப்பிட்டியா? சாப்பிட்டியா வடிவு? ஒரு மடலில் அதைத் தவிர எதுவுமே இல்லை. அது வெற்று மடலாக வந்த அன்று அவள் அழுதிருந்தாள். இப்போதும் அழுதாள், சிரித்துக்கொண்டே. ராஜினாமாவை அழிக்கச் சொன்னாள். தூதரக மடல்களை மடற்சுருக்கி தொடக்கூடாது என்று ஒரு விலக்கு வாங்கினாள். இரு கோள்களுக்கும் இடையே அவள் போட்ட முதல் ஒப்பந்தம் அதுதான்.

அதற்குப் பிறகு கேள்வி தவறாமல் வந்தது. மூன்று வேளையும் வந்தது. மந்திரியோடு தண்ணீர்ப் பங்கீடு பேசும்போதும் வந்தது.

ஒருநாள் அவள் திரையைப் பார்க்காமலே, “சாப்பிட்டேன்னு நீயே போட்டுடு எழினி. இனிமே தினமும் போட்டுடு,” என்றாள்.

“சரிம்மா. அங்கேயும் இப்பல்லாம் தோட்டத்து இயந்திரந்தான் கேக்குது. ஐயா சொல்லி வச்சிருக்காராம்.”

அவள் காதில் அது விழவில்லை. பசி என்றால் என்னவென்றே தெரியாத இரண்டு இயந்திரங்கள், சாப்பாட்டை விசாரித்துக்கொண்டு, கோளுக்குக் கோள் அன்பாக இருந்தன. மேசையில் வடிவாம்பாளின் இட்லி காலையிலிருந்து ஆறிக்கிடந்தது.