மலைக்கு வைத்த மெழுகுவத்தி

கல் விரலில் ஒட்டியது.

நேற்று சுரங்கத்திலிருந்து பெத்துல் கொண்டுவந்த, மரப்பிசின் கல்லாய் இறுகிய அம்பர் துண்டு அது. உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பல்லி, என்றோ மரப்பிசினில் சிக்கி, அந்த மரமும் காடும் மண்ணாகிப்போன பிறகும் வாயை மூடிக்கொண்டு அப்படியே இருந்தது. அவன் மனைவி மாருச் காலையிலிருந்து அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்பர் தோண்டிப் பிழைக்கும் சிமோஹோவெலில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அம்பர் ஒட்டாது. அவள் விரலை இழுத்ததும் தேன்போல ஒரு நூல் கூடவே வந்தது. மழை ஈரத்தையும் அடுப்புப் புகையையும் மீறி, இப்போதுதான் வெட்டிய மரத்தின் பச்சை வாடை வீடெங்கும் எழுந்தது.

பல்லியின் வாய் திறந்திருந்தது.

அவள் கல்லைக் கீழே போட்டாள். காலையில் அவன் கிளம்பும்போது பேசியது நினைவுக்கு வந்தது.

"டார்ச்சுல பேட்டரி போச்சு. சுரங்க வாசல்ல ஏத்தி வச்சிருக்கோம்ல மெழுகுவத்தி, அத எடுத்துக்கிறேன்."

"யோவ், அது மலைக்குச் சொந்தக்காரருக்கு வச்சதுய்யா! தொட்டுராத."

"அவரு எத்தன காலமா இருட்டுல கெடக்காரு. இன்னிக்கி ஒரு நாள் வெளிச்சம் இல்லன்னா பயந்துருவாராக்கும்?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவள் ஒரு புது மெழுகுவத்தியையும் சாராயப் புட்டியையும் எடுத்துக்கொண்டு சேற்றில் ஓடினாள். அவன் வெளியே வந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

சுரங்க வாசலில் மெழுகு உருகிய தடம் மட்டும் இருந்தது. அதன்மேலேயே புதியதை ஏற்றினாள். சாராயத்தை மண்ணில் ஊற்றினாள்.

"சாமி, அறிவு கெட்ட மனுசன். மன்னிச்சுக்க. அவர அனுப்பிடு."

உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். எங்கோ ஆழத்தில் உளி விழுந்த சத்தம், பிறகு அதுவும் இல்லை. ஒரே இருட்டு.

கை தானாக மெழுகுவத்தியை எடுத்தது.

"ஒரே நிமிசம் சாமி. திருப்பி வச்சிடுறேன்."

குனிந்து நுழைந்தாள். வாசல் காற்றில் சுடர் ஆடிக்கொண்டே வந்தது. சுவர்கள் ஈரமாக இருந்தன. தொட்டாள். தண்ணீர் இல்லை, விரலோடு நூலாக இழுபடும் பிசின். பச்சை மரத்தின் வாடை மூச்சை அடைத்தது.

வளைவைத் தாண்டியதும் வெளிச்சம் தெரிந்தது.

"பெத்துல்!"

அவன் நின்றுகொண்டிருந்தான். மஞ்சள் சுவருக்குள். வாய் திறந்திருந்தது. கையில் மெழுகுவத்தி. அது எரிந்துகொண்டிருந்தது. ஆடவில்லை.

அவன் கண்கள் மெல்ல அவள் பக்கம் திரும்பின.

ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. குனிந்து பார்த்தாள். கணுக்கால்வரை மஞ்சள்.

கையிலிருந்த சுடரைப் பார்த்தாள்.

அது ஆடுவதை நிறுத்தியிருந்தது.