சும்மா இருக்கும் கம்பி

பியாட்ரிசுக்குப் படிக்க ஏதாவது கிடைத்தால் போதும். கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவாள். ஆகவே, அவர்கள் லைனில் புது நோட்டீஸ் ஒட்டியதும், "கூப்பிடு பியாட்ரிசை" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

லைன் என்றால் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்பவர்களின் தட்டி வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு. அந்தத் தெரு நெடுகக் கொஞ்ச நாளாகப் புதுக் கம்பங்கள் நின்றன. அவற்றின் உச்சியில் மூன்று செம்புக் கம்பிகள் பளபளவென்று ஓடின. காவிரி அருவியிலிருந்து மலை, காடு எல்லாம் தாண்டி வரும் மின்சாரம் இந்தப் பக்கத்துக்கும் வரப்போகிறதாம். கல் இடிக்கும் மில்லை இனி அதுதான் ஓட்டுமாம்.

பியாட்ரிசின் தம்பி வால்டருக்கு ஏழு வயது. கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்து, "எப்ப வரும்? எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பியாட்ரிஸ் நோட்டீசை உரக்கப் படித்தாள்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மேற்படி ஸ்தம்பங்களின் மீது செல்லும் தந்திகளில் மகா சக்தி வாய்ந்த வித்யுத் பிரவாகம் சஞ்சரிக்குமாதலின், எவரும் ஸ்பரிசியாதிருக்கக் கடவது."

குழாயடியில் குடத்தோடு நின்ற பார்வதம்மா கேட்டாள்: "யாருக்குக் கண்ணு கல்யாணம்?"

"கல்யாணம் இல்லே பெரியம்மா. இது கம்பியைப் பத்தி."

"இன்னா சொல்றாங்க கம்பியைப் பத்தி?"

பியாட்ரிஸ் இன்னொரு முறை படித்தாள். ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. ஒரு வரிகூடப் புரியவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நோட்டீசை எழுதியவர் மின்சார ஆபீஸ் குமாஸ்தா கிளாரன்ஸ். பியாட்ரிஸ் நேரே அவரிடம் போய் நின்றாள்.

"சார், மின்சாரம் அப்படின்னா என்ன சார்? எங்க லைன்ல யாருக்கும் புரியலே."

கிளாரன்ஸ் நல்லவர்தான். ஆனால் மேஜை நிறையக் காகிதம். தலையை நிமிர்த்தாமலே, "குழாய்ல தண்ணி வருதில்ல? அந்த மாதிரி கம்பில மின்சாரம் வரும். அவ்வளவுதான்" என்றார்.

அட, இவ்வளவுதானா? பியாட்ரிஸ் ஓட்டமாக ஓடிவந்தாள். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வரும் குழாய் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. குழாயடிச் சுவரில் அடுப்புக்கரியால் கொட்டை கொட்டையாக எழுதினாள்.

'குழாய்க்குள் தண்ணீர் வருவது போலக் கம்பிக்குள் மின்சாரம் வரும். அது மில்லை ஓட்டும்.'

அன்றைக்கு லைன் முழுக்க அதே பேச்சு. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். "பியாட்ரிசு எழுதினா புரியுதுப்பா" என்றார்கள். பியாட்ரிசுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த சந்தோஷம் மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான்.

பார்வதம்மாவின் மகன் முனிரத்தினம் நீள ஏணி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் வேலை அவனுக்கு. அதோடு லைனில் எங்கே ஏற வேண்டுமென்றாலும் அவன்தான் ஏறுவான்.

"ஏணி எதுக்குண்ணா?"

"நாளைக்கு மாரியாத்தா திருவிழா இல்லே? கம்பத்துக்குக் கம்பம் கம்பி ரெடியா கீது. அதுலயே தோரணம் கட்டிடலாம்னு கீறோம். நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் ஏறிடுவேன்."

பியாட்ரிசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணா, அதுல மின்சாரம் வரும். தொட்டா ஏதாவது ஆயிடாதா?"

"நீதானே எழுதினே, குழாய்க்குள்ளே தண்ணி மாதிரின்னு? குழாயை வெளியே தொட்டா கை நனையுமா? மொதல்ல எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. உன் எழுத்தைக் கேட்டப்புறம்தான் தைரியமே வந்துச்சு." முனிரத்தினம் சிரித்தான். "அதோ பாரு, காக்காவே குந்திகினு கீது."

உண்மைதான். கம்பியில் காக்கை ஒன்று உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

பியாட்ரிஸ் மறுபடியும் மின்சார ஆபீசுக்கு ஓடினாள். மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்.

"சார், மின்சாரம் கம்பிக்கு உள்ளேதான் ஓடுமா? வெளியே தொட்டா ஒண்ணும் ஆகாதா?"

கிளாரன்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யாரு சொன்னது? கம்பிக்கு உள்ளே வெளியேன்னு ஒண்ணும் கிடையாது. தொட்ட ஆள் பிழைக்க மாட்டான்."

"அப்ப ஏன் சார் குழாய்னு சொன்னீங்க?"

"ஓடி வருதுன்னு காட்டத்தான் சொன்னேன்" என்று முனகினார் கிளாரன்ஸ்.

"மின்சாரம் எப்ப வரும் சார்?"

"நாளைக்கு வரலாம். இந்த நிமிஷமே வந்தாலும் வரும். சோதனை பண்ணப்போறாங்க."

"வந்தா எப்படித் தெரியும்? சத்தம் வருமா? கம்பி சிவக்குமா?"

"பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது."

"காக்கா மட்டும் எப்படி சார் உட்காருது?"

கிளாரன்சுக்கு இந்தக் கேள்வி பிடித்துவிட்டது. காகிதத்தை எடுத்து ஒரு கம்பியும் காக்கையும் வரைந்தார். "காக்கா ஒரே ஒரு கம்பியைத்தான் தொடுது. வேற எதையும் தொடலே. மின்சாரத்துக்குத் தரைக்கு இறங்க வழி இல்லே. ஏணி வெச்சு ஏறுறவன் இருக்கானே, அவனே வழியாயிடுவான்."

பியாட்ரிஸ் வீட்டுக்கு வந்தாள். ஆபத்து என்பது அவளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அதை முனிரத்தினத்துக்கு எப்படிப் புரியவைப்பது? "தொட்டால் செத்துப்போவீர்கள்" என்று எழுதலாம். ஆனால் தினமும் பூமிக்கடியில் போய் வெடி வைக்கிற ஆட்கள், சும்மா இருக்கிற ஒரு கம்பிக்கா பயப்படுவார்கள்?

அப்பாவை அவர்கள் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று அவர் சுரங்கத்திலிருந்து வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. அம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். நைனா தலையைக் கண்டதும்தான் எல்லாருக்கும் உயிர் வந்தது.

"ஒரு ஓட்டை வெடிக்கலே. அதான் லேட்டு" என்றார், களியைப் பிட்டுக்கொண்டே.

பாறையில் துளை போட்டு, மருந்து வைத்துத் திரியைக் கொளுத்துவார்கள். பிறகு தூரத்தில் நின்று வெடிச் சத்தத்தை எண்ணுவார்கள். ஒரு சத்தம் குறைந்தால், அந்தப் பக்கம் ஒருவரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள்.

"சத்தம் வரலேன்னா அது சும்மா ஓட்டைதானே நைனா?" என்றான் வால்டர்.

"டேய், சத்தம் வராத ஓட்டைதாண்டா பொல்லாதது. உள்ளே மருந்து முழிச்சிகினு கீதா, தூங்கிடுச்சா, யாருக்குத் தெரியும்?"

பியாட்ரிஸ் சாப்பாட்டை விட்டு எழுந்தே விட்டாள். "நைனா, அந்த ஓட்டைகிட்ட முனிரத்தினம் அண்ணன் போவாரா?"

"அவன் ஏன் போறான்? மேஸ்திரியே போக மாட்டான்."

கை கழுவியதும் கழுவாததுமாக சிலேட்டை எடுத்தாள். மளமளவென்று எழுதி வால்டரிடம் நீட்டினாள். "படி. இன்னா புரியுதுன்னு சொல்லு."

வால்டர் எழுத்துக்கூட்டிப் படித்தான். முகம் வெளுத்துவிட்டது. "கம்பி வெடிச்சுடும். எல்லாரும் ஊரை விட்டு ஓடணும். என் கோழிக்குஞ்சையும் எடுத்துக்கலாமா?"

பியாட்ரிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். நல்ல வேளை, இதைச் சுவரில் எழுதவில்லை. அழித்தாள், எழுதினாள். வால்டர் படித்தான், வேறு ஏதோ புரிந்துகொண்டான். மறுபடி அழித்தாள். கடைசியில் வால்டர், "கீழே விளையாடலாம். ஆனா கம்பியைத் தொடக் கூடாது, குச்சியாலகூட. காத்தாடி விடணும்னா மைதானத்துக்குப் போகணும்" என்றான். அப்போதுதான் பியாட்ரிஸ் சிலேட்டைக் கீழே வைத்தாள்.

காலையில் எழுந்ததும் பழைய எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூசினாள். காய்ந்ததும் புதிதாக எழுதினாள்.

மத்தியானம் ஷிப்ட் முடிந்தது. முனிரத்தினம் தோளில் ஏணியோடும், கை நிறைய மாவிலைத் தோரணத்தோடும் வந்தான். பின்னாலேயே நாலைந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"டேய், நில்லுடா" என்றாள் பார்வதம்மா. "பாப்பா புதுசா ஏதோ எழுதிக்கீறா. கேட்டுட்டு ஏறு."

"சீக்கிரம் படி பியாட்ரிசு. எனக்கு நெறைய வேலை கீது" என்று ஏணியைக் கம்பத்தில் சாய்த்தான் முனிரத்தினம்.

பியாட்ரிஸ் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உரக்கப் படித்தாள்.

'இந்தக் கம்பி வெடிக்காத ஓட்டை மாதிரி.'

சிரிப்பு நின்றுவிட்டது. ஏணியின் முதல் படியில் இருந்த முனிரத்தினத்தின் கால் அப்படியே நின்றது.

'சத்தம் வராது. புகை வராது. மின்சாரம் வந்துவிட்டதா என்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தொட்டால் உயிர் போய்விடும். கோல், கயிறு, தோரணம், காற்றாடி எதுவும் படக் கூடாது.

ஆனால் கம்பி தானாக வெடிக்காது. கீழே நடக்கலாம், விளையாடலாம்.

காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அது ஒரே கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. வேறு எதையும் தொடவில்லை. மின்சாரம் தரைக்கு இறங்க வழி தேடும். ஏணியில் ஏறும் ஆள் அதற்கு வழியாகிவிடுவார்.

முன்பு நான் குழாய் என்று எழுதியது தப்பு. – பியாட்ரிஸ்.'

முனிரத்தினம் காலைக் கீழே எடுத்து வைத்தான். ஏணியை மெல்ல, மிக மெல்ல, கம்பத்திலிருந்து பிரித்துத் தரையில் கிடத்தினான்.

"இதை மொதல்லேயே சொல்லியிருக்கலாம் இல்லே பாப்பா" என்றான். "வெடிக்காத ஓட்டைகிட்ட எவன் போவான்?"

அதற்குப் பிறகு ஒரே கலகலப்புதான். தோரணத்தை எங்கே கட்டுவது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். குழாயடியிலிருந்து வேப்பமரம் வரைக்கும் மூங்கில் நட்டு, கைக்கெட்டும் உயரத்தில் கட்டினார்கள். முதல் முடிச்சைப் போட்டது வால்டர்தான்.

பொழுது சாயும் நேரம். எல்லாரும் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மில் பக்கம் வெள்ளை வெளேரென்று விளக்குகள் எரிந்தன. கொஞ்ச நேரத்தில் கல் இடிக்கும் சத்தம் திமுதிமுவென்று கிளம்பியது.

"வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று வால்டர் குதித்தான். லைனே கூடிக் கூச்சல் போட்டது.

முனிரத்தினம் மட்டும் அண்ணாந்து கம்பியைப் பார்த்தான். நேற்றிருந்த மாதிரியேதான் இருந்தது. சத்தம் இல்லை, புகை இல்லை. அந்தக் காக்கைகூட அங்கேயே உட்கார்ந்திருந்தது. அவன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பார்வதம்மா பியாட்ரிசைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை கிளாரன்ஸ் லைனுக்கே வந்துவிட்டார். சுவரின் முன்னால் நின்று முழுக்கப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"அடுத்த வாரம் இந்த நோட்டீசை ஒட்டணும். சரியா இருக்கா பாரு பியாட்ரிஸ்."

முதல் வரியே 'இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்' என்று இருந்தது. பியாட்ரிஸ் காகிதத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"மொதல்ல என் தம்பிகிட்ட படிச்சுக் காட்டுங்க சார்" என்றாள். "வால்டர், கோழிக்குஞ்சை விட்டுட்டு இங்கே வா. உனக்கு வேலை வந்திருக்கு."