ஆறாம் மணிக்குப் பிறகு

அன்றைய முதல் மனமணி அடித்தபோது ஜெசிந்தா துறைமுகத்துக் கிரேனின் உச்சிக் கூண்டில் இருந்தாள். மணிக்கட்டுப் பட்டை அதிர்ந்ததும் லீவரை நிறுத்தி, "எழுபத்தெட்டு" என்றாள். இந்த நொடியில் மனம் நூற்றுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதே கேள்வி. நாளுக்கு ஆறு முறை, முன்கூட்டிச் சொல்லாமல் அடிக்கும். ஆறாவது மணி இரவுச் சாப்பாட்டுக்கு முன் வந்துவிடும். பொய் சொன்னால் நாடி காட்டிக்கொடுத்துவிடும்.

மனம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது உரிமம் வழங்கும் வாரியத்துக்குப் பொருட்டில்லை. நாற்பதிலேயே காலம் தள்ளுகிறவருக்கும் உரிமம் உண்டு. எண்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் கணக்கு. அதற்கு அலைவு என்று பெயர். அலைவு மிகுந்தவர்கள் கிரேன், ரயில், அறுவைக்கத்தி எதையும் தொடக்கூடாது.

ஜெசிந்தாவின் அலைவு வரம்பைத் தாண்டியிருந்தது. அந்தக் கூண்டில் ஏறுவதற்காகப் பல வருடம் கீழே நின்று கொக்கி மாட்டியவள் அவள்.

"வீட்ல யார் யாரும்மா?" என்று கேட்டார் வாரியத்தின் அளவையாளர் பரிமளம்.

"வீட்டுக்காரர் மட்டுந்தான் மேடம். மில்டன்."

"அவர் ஊர்ல இல்லாத நாள்ல எண் அடங்கி இருக்கு. இருந்தா குதிக்குது."

"சிரிப்பு காட்டுவாரு. சண்டையும் போடுவோம்."

"ஏறினாலும் இறங்கினாலும் இங்க ஒண்ணுதான். ஒரு மாசம் தவணை தர்றேன், அடக்கமா இருங்க. அதை வச்சுத்தான் உரிமத்தைப் புதுப்பிக்கிறது."

ஆகவே ஆறாவது மணிவரை வீட்டில் பேச்சைக் குறைத்தார்கள். மணி அடித்து ஓய்ந்ததும் மில்டன் கரண்டியை ஒலிபெருக்கியாகப் பிடித்துக்கொண்டு துறைமுக அறிவிப்பாளர் குரலில் தொடங்குவான்: "அனைவரின் கவனத்திற்கு! ஜெசிந்தா வைத்த மீன்குழம்பில் உப்பு இன்னும் கரை சேரவில்லை. மீட்புப் படகு விரைகிறது." அவளுக்குப் புரையேறும்.

மாதம் பாதியானபோது பரிமளம் அழைத்தார். "பகலெல்லாம் சீரா இருக்கு. காலைல முதல் எண் மட்டும் சில நாள் எகிறுது. மனசு அன்னன்னைக்கே வடியாதும்மா, மறுநாளைக்கும் மிச்சம் இருக்கும். ராத்திரி என்ன நடக்குது?"

"நீங்க நினைக்கிறது இல்ல மேடம். அறிவிப்பு வாசிப்பாரு."

"அதையும் நிறுத்தச் சொல்லுங்க."

மில்டன் மறுபேச்சில்லாமல் நிறுத்தினான். மாதக் கடைசியில் உரிமம் வந்தது.

அன்று ஆறாவது மணி அடித்ததும் ஜெசிந்தா கரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "மாசம் முடிஞ்சிடுச்சுங்க. வாசிங்க."

அவன் அதை வாயருகே கொண்டுபோனான். பிறகு குழம்புச் சட்டிக்குள் இறக்கினான்.

"ஒண்ணும் வரலட்டி" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டில் குழம்பை ஊற்றினான்.

மறுநாள் காலை கூண்டில் பட்டை அதிர்ந்தது. "பதினொன்று" என்றாள் ஜெசிந்தா.

உடனே பரிமளம் அழைத்தார். "பயப்படாதீங்கம்மா. மத்ததெல்லாம் ஒரே கோடு. இந்த ஒரு புள்ளிதான் தனியா நிக்குது. பிழைன்னு போட்டு நீக்கிட்டேன்."

ஜெசிந்தா நன்றி சொன்னாள். கீழே கப்பல் காத்திருந்தது. கொக்கியைச் சற்றும் ஆடாமல் இறக்கினாள்.